நீரிற் கலந்த குருதி

போர்க்களத்திற் சிந்தும் குருதியைச் சரித்திரம் கணக்கெடுத்து வைக்கும். புலவரும் அதனைப் பாடுவர். விளையாட்டுத் திடலிற் சிந்தும் குருதியோ பெரும்பாலும் மறுநாளே மறக்கப்பட்டுவிடும். முழங்காலில் உரைசலோ உதட்டிற் காயமோ ஏற்பட்டால் மருந்திட்டுக்கொண்டு அடுத்த நாள் அதே திடலுக்கு ஓடுவதுதான் மாணவர் வழக்கம். ஆனால், 1956ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி, அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரத்து நீச்சற் குளமொன்றிலே ஓர் இளைஞனின் முகத்திலிருந்து வடிந்த குருதி இன்றுவரை மறக்கப்படவில்லை. அன்று ஹங்கேரிக்கும் சோவியத் நாட்டிற்குமிடையே நிகழ்ந்த நீர்ப்பந்தாட்டப் போட்டியை 'நீரிற் கலந்த குருதி' என்ற பெயராலேயே உலகம் இன்றும் குறிப்பிடுகின்றது.

ஒரு பந்தாட்டத்திற்கு இத்தகைய பெயர் ஏன் வந்தது? ஆடியவர்கள் யாவர்? அவர்கள் வென்றது எதனை, இழந்தது எதனை? விளையாட்டும் அரசியலும் வெவ்வேறு என்று மாணவர்க்கு நாள்தோறும் போதிக்கும் ஆசிரியர்களும், அவை ஒருபோதும் பிரிந்திருந்ததில்லை என்று வாதிடும் நண்பர்களும் இந்த ஆட்டத்தின் கதையைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

ஆட்டத்தின் இயல்பு

நீர்ப்பந்தாட்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரித்தானியாவில் உருவான ஆட்டம். 'போலோ' என்னும் பெயர் குதிரையேறி ஆடும் பந்தாட்டத்திலிருந்து இதற்கு வந்தது. அச்சொல்லின் வேரோ இமயமலைச் சாரலில் வழங்கும் பால்ட்டி மொழியில் பந்தைக் குறிக்கும் 'புலு' என்பதாகும். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவிலேயே ஆடவர்க்கான இப்போட்டி இடம்பெற்றது. பெண்கள் இதே விழாவில் ஆடுவதற்கு இன்னும் நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் சிட்னி நகரிலேதான் அவர்களுக்கு அவ்வாய்ப்புக் கிட்டியது.

பக்கத்திற்கு ஏழு பேர் நீரிலே நிற்பர். 'நிற்பர்' என்றேன், அது பிழை. கால் தரையிற் படாமல், இரண்டு கால்களையும் மாறி மாறிச் சுழற்றி நீரை மிதித்துக்கொண்டு, இடுப்பிற்கு மேலே உடலை உயர்த்தி வைத்திருப்பர். ஆழமான கிணற்றிலே படியைப் பிடியாமல் சிறிது நேரம் மிதந்து பார்த்தவர்களுக்கு அதன் கடினம் விளங்கும். காவலன் ஒருவனைத் தவிர ஏனையோர் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் பந்தைத் தொடுதல் ஆகாது. ஒரு கையால் பந்தை ஏந்தி, மறு கையால் நீரைத் தள்ளி, எதிரியின் பிடியிலிருந்து விலகி, வலையை நோக்கி எறிதல் வேண்டும்.

இவ்வாட்டத்திற்கு வேறெந்த ஆட்டத்திற்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. நீருக்கு மேலே நடப்பதைக் கரையில் நிற்கும் நடுவர் காண்பார். நீருக்குக் கீழே நடப்பதை ஆடுபவர் மட்டுமே அறிவர். உதையும் கிள்ளலும் உடையைப் பற்றியிழுத்தலும் அங்கே மறைவாக நடைபெறும். சாதாரண நாட்களிலேயே இது முரட்டு ஆட்டம். இரு தரப்பாருக்கிடையே நாட்டுப்பகையும் இருந்துவிட்டாற் சொல்ல வேண்டியதில்லை.

வெந்நீர் ஊற்றுகளின் நாடு

கடலே இல்லாத ஹங்கேரி நீர் விளையாட்டிற் கொடிகட்டிப் பறந்தது எவ்வாறு? தலைநகராகிய புடாபெஸ்டின் அடியிலே நூற்றுக்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. துருக்கியர் ஆட்சியிலே கட்டப்பட்ட குளிப்பகங்கள் சில இன்றும் அங்கே நிலைத்திருக்கின்றன. கடுங் குளிர்காலத்திலும் வெந்நீரில் நீந்தப் பழகிய மக்கள் அவர்கள்.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரிலே நடந்த முதல் ஒலிம்பிக் விழாவில் நீச்சலில் இரண்டு போட்டிகளை வென்ற அல்பிரட் ஹாயோஷ் ஹங்கேரியர். தந்தையை டான்யூப் நதிக்குப் பலிகொடுத்த சிறுவன், அதன் பின்னரே சிறந்த நீச்சல்வீரனாக வளர்ந்தான். பிற்காலத்தில் அவரே கட்டடக் கலைஞராகி, அதே நதியின் நடுவிலுள்ள மார்கரெட் தீவில் பெரிய நீச்சல் அரங்கொன்றை வகுத்துக் கொடுத்தார். பேலா கொம்யாடி என்னும் பயிற்றுநர் நீர்ப்பந்தாட்டத்திற்குப் புதிய உருவம் கொடுத்தார். பந்தை நீரில் விழவிடாமல் காற்றிலேயே கைமாற்றும் வேகமான ஆட்டம் அவர் வளர்த்தது. 1932ஆம் ஆண்டிலும் 1936ஆம் ஆண்டிலும் ஹங்கேரி ஒலிம்பிக் தங்கத்தை வென்றது.

அவ்விரு அணிகளிலும் ஒலிவர் ஹலாஷி என்றொரு வீரர் இருந்தார். சிறுவயதிலே டிராம் வண்டி விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். காலால் நீரை மிதித்தே வாழவேண்டிய ஆட்டத்திலே, ஒற்றைக் காலுடன் உலகை வென்றார். 1946ஆம் ஆண்டில், போர் ஓய்ந்து ஓராண்டு கழிந்த பின்னர், புடாபெஸ்டிலே சோவியத் சிப்பாய் ஒருவனால் அவர் கொல்லப்பட்டார். பத்தாண்டின் பின் மெல்போணில் நிகழ்ந்ததை நோக்கும்போது, அந்தக் குளத்தில் இறங்கிய ஹங்கேரிய இளைஞரின் நினைவிலே இத்தகைய மரணங்கள் எத்தனை இருந்திருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுதல் வேண்டும்.

வழியில் வந்த செய்தி

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் ஹங்கேரி மீண்டும் தங்கத்தை வென்றது. 1956ஆம் ஆண்டிலும் அந்த நாட்டு அணியே வெல்லும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. பேலா ராய்கி பயிற்றுநர். டெஷோ ஜியார்மதி தலைவர். விழாவிற்கு முன்னர் அணியினர் புடாபெஸ்டை அடுத்த குன்றுப் பகுதியிலே பயிற்சி செய்துகொண்டிருந்தனர்.

ஒக்டோபர் 23ஆந் திகதி மாணவர்கள் புடாபெஸ்ட் வீதிகளில் ஊர்வலம் சென்றனர். சோவியத் படை வெளியேற வேண்டும். சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்பன அவர்களது கோரிக்கைகள். அன்றிரவே துப்பாக்கிகள் வெடித்தன. குன்றின் மேலிருந்த வீரர்கள் வேட்டுச் சத்தத்தைக் கேட்டனர். நகரின் மேல் எழுந்த புகையையும் கண்டனர். விரைவில் அவர்கள் எல்லையைக் கடந்து செக்கோஸ்லோவாக்கியாவிற்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து அவுஸ்திரேலியாவிற்குப் புறப்பட்டனர். புறப்பட்டபோது அவர்கள் மனத்தில் நம்பிக்கையே மேலோங்கியிருந்தது. பிரதம மந்திரி இம்ரே நாஜ் நாட்டின் நடுநிலைமையை அறிவித்துவிட்டார். சோவியத் படை தலைநகரை விட்டுப் பின்வாங்கியது.

ஆனால் நவம்பர் 4ஆந் திகதி அதிகாலையிலே தாங்கிகள் திரும்பி வந்தன. சில நாட்களுக்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. இறந்த ஹங்கேரியர் ஏறக்குறைய 2,500 பேர். ஏறக்குறைய 2,00,000 பேர் எல்லை கடந்து அகதிகளாயினர். இச்செய்தியின் முழுப்பாரத்தையும் விளையாட்டு வீரர்கள் உணர்ந்தது அவுஸ்திரேலிய மண்ணை மிதித்த பின்னரேயாகும். யார் உயிரோடிருக்கின்றனர், எந்த வீடு நிற்கின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. ஜியார்மதியின் மனைவி ஏவா சேக்கெய் 1952இல் மார்பு நீச்சலிலே தங்கம் வென்றவர், மெல்போணிலும் போட்டியிட்டார். அவர்களது இரண்டு வயதுப் பெண்குழந்தை புடாபெஸ்டில் இருந்தது. கவலையால் உறக்கம் இழந்து, உடல் மெலிந்து, ஆயினும் நீந்தி, வெள்ளிப் பதக்கம் பெற்றார் அந்தத் தாய்.

ஒலிம்பிக் கிராமத்திலே பறந்த ஹங்கேரியக் கொடியிற் கம்யூனிஸ்ட் அரசின் சின்னம் இருந்தது. வீரர்கள் அதனை இறக்கிச் சுதந்திர ஹங்கேரியின் கொடியை ஏற்றினர். ஹங்கேரியில் நிகழ்ந்த கொடுமையைக் கண்டித்து ஒல்லாந்தும் ஸ்பெயினும் சுவிற்சர்லாந்தும் விழாவைப் புறக்கணித்தன. சுயெஸ் கால்வாய் விவகாரத்தின் காரணமாக எகிப்தும் ஈராக்கும் லெபனானும் வரவில்லை. தைவான் பிரச்சினையை முன்னிட்டுச் சீனா விலகிக்கொண்டது. இத்தனைக்குமிடையே நவம்பர் 22ஆந் திகதி விழா தொடங்கிற்று. அது நமக்கு முற்றும் அயலான விழாவன்று. யாழ்ப்பாணத்தவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இலங்கையின் சார்பில் உயரம் பாய்ந்தது அந்த விழாவிலேதான். அவர் 1958ஆம் ஆண்டில் டோக்கியோவிலே ஆசியத் தங்கத்தை வென்று நாட்டிற்குப் புகழ் தேடித் தந்தார்.

டிசெம்பர் 6

நீர்ப்பந்தாட்டத்தின் இறுதிச் சுற்றிலே ஹங்கேரியும் சோவியத் நாடும் சந்திக்கும் நாள் வந்தது. அரங்கிலே ஏறக்குறைய 5,500 பேர். அவுஸ்திரேலியாவிற் குடியேறிய ஹங்கேரியர் பலர் கொடிகளுடன் வந்திருந்தனர். தம் தாய்மொழியில் உரத்த குரலில் அணியை ஊக்கினர்.

ஹங்கேரியர் ஒரு திட்டத்துடன் இறங்கினர் என்பதை மறைப்பதற்கில்லை. பாடசாலையிலே கட்டாயமாகக் கற்பிக்கப்பட்ட ருஷ்ய மொழி அன்று அவர்களுக்குப் பயன்பட்டது. அந்த மொழியிலேயே எதிரிகளை ஏசினர். கோபமுற்றவன் அடிக்க முயல்வான். அடிக்க முயல்பவன் ஆட்டத்தை மறப்பான். ஆட்டத்தை மறந்தவன் தோற்பான் என்பது அவர்களின் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே பிடியும் உதையும் குத்தும் நிகழ்ந்தன. இரு தரப்பாரும் அடித்தனர். இரு தரப்பாரும் அடிபட்டனர். முதற் கோலை ஜியார்மதி போட்டார். எர்வின் ஸாடோர் என்னும் இளைஞர் இரண்டு கோல்களைப் போட்டார். ஹங்கேரி 4, சோவியத் 0 என்ற நிலையில் ஆட்டம் முடிவை அண்மித்தது.

அப்போது ஸாடோரின் அருகில் நின்றவர் சோவியத் வீரர் வலன்தீன் புரொக்கோபொவ். ஊதல் ஒலித்தது. ஏன் ஊதப்பட்டது என்றறிய ஸாடோர் நடுவரை நோக்கித் திரும்பினார். எதிரியின் மேல் வைத்த கண்ணை எடுத்தது தம் தவறு என்று அவர் பின்னாளிற் பலமுறை கூறியிருக்கிறார். திரும்பிய கணத்தில் முகத்தில் அடி விழுந்தது. கண்ணருகே தோல் கிழிந்து குருதி வடிந்தது. அவர் நீந்திக் கரையேறினார். முகத்திலும் மார்பிலும் குருதி வழிய அவர் நின்ற கோலத்தைப் புகைப்படக் கருவிகள் பதிந்துகொண்டன. அந்தப் படம் சில நாட்களுக்குள் உலகெங்கும் சென்றது.

கூட்டம் கொந்தளித்தது. பார்வையாளர் பலர் இருக்கைகளை விட்டு இறங்கிக் குளத்தின் விளிம்பை நோக்கி ஓடினர். சோவியத் வீரர்களை நோக்கிக் கூச்சலிட்டனர். பொலிஸார் உட்புகுந்தனர். ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிஷமே இருந்த வேளையில் அது நிறுத்தப்பட்டு, முன்னணியில் நின்ற ஹங்கேரி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

கதையும் உண்மையும்

காலம் செல்லச் செல்லக் கதை வளர்ந்தது. குளமே சிவந்தது என்று எழுதினோரும் உளர். உண்மையிற் சிந்தியது ஒருவரின் முகக் காயத்துக் குருதியேயாகும், குளம் சிவக்கவில்லை. அது இறுதிப் போட்டியுமன்று. மறுநாள் யூகோஸ்லாவியாவை 2க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்ற பின்னரே ஹங்கேரிக்குத் தங்கம் உறுதியாயிற்று. யூகோஸ்லாவியாவிற்கு வெள்ளியும் சோவியத் அணிக்கு வெண்கலமும் கிடைத்தன. காயம்பட்டுக் கரையேறியபோது ஸாடோரின் மனத்தில் எழுந்த முதற் கேள்வி, அடுத்த ஆட்டத்தில் ஆட முடியுமா என்பதுதான். முடியவில்லை. சாதாரண உடையுடன் கரையில் இருந்தே அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். புடாபெஸ்ட் வீதியிலே தாங்கியைச் செலுத்தியவர்கள் அந்த ஏழு சோவியத் வீரர்களல்லர். அவர்களும் தம் நாட்டினால் அனுப்பப்பட்ட இளைஞர்களே. தோல்விக்கு வீட்டிலே என்ன பதில் சொல்வது என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்திருக்கக்கூடும். அவர்களை அடித்ததால் ஒரு தாங்கியும் பின்வாங்கவில்லை. ஓர் அகதியும் வீடு திரும்பவில்லை. இம்ரே நாஜ் 1958ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தூக்கிலிடப்பட்டார்.

அப்படியானால் அந்த வெற்றிக்குப் பொருளே இல்லையா? உண்டு என்பதே என் கருத்து. ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் நிறைவேற்றிற்று. வல்லரசுகள் அனுதாபம் தெரிவித்தன. படை ஒன்றும் வரவில்லை. உலகம் முழுவதும் கைவிட்டதென எண்ணிய ஒரு மக்கட் கூட்டத்திற்கு, விதிகள் இரு தரப்பாருக்கும் சமமாயிருந்த ஓர் இடம் எஞ்சியிருந்தது. அது முப்பது மீற்றருக்கு மேற்படாத ஒரு நீர்ப்பரப்பு. அங்கே பெரிய நாட்டிற்கும் ஏழு பேர். சிறிய நாட்டிற்கும் ஏழு பேர். தாங்கிக்கு அங்கே இடமில்லை. அந்தச் சமத்துவமே அவர்களது வெற்றியைப் பெரிதாக்கியது. ஆனால் அந்தச் சமத்துவத்தைக் காப்பது விதி. விதியைக் குலைப்பது அடி. அன்று அடித்தவர் இரு பக்கத்திலும் இருந்தனர் என்பதனால், அந்த வெற்றியைப் போற்றும்போதே சிறிது மனவருத்தமும் நமக்கு உண்டாகின்றது.

வெற்றியின் விலை

தங்கப் பதக்கத்துடன் எங்கே செல்வது? இதுவே விழா முடிந்ததும் அவ்வீரர்களின் முன் நின்ற கேள்வி. ஹங்கேரியக் குழுவினருள் நாற்பதுக்கு மேற்பட்டோர் நாடு திரும்பவில்லை. ஸாடோர் அமெரிக்கா சென்றார். உலகின் தலைசிறந்த அணியில் ஆடியவருக்கு, அக்காலத்து அமெரிக்காவிலே தமக்கு ஒப்பான ஆட்டம் கிட்டவில்லை. இருபது வயதைச் சற்றே கடந்திருந்த அவரது ஆட்ட வாழ்வு மெல்போண் குளத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர் கலிபோர்னியாவிலே நீச்சற் பயிற்றுநரானார். அவரிடம் பயின்ற சிறுவர்களுள் ஒருவரே மார்க் ஸ்பிற்ஸ். 1972ஆம் ஆண்டு மியூனிக் விழாவில் ஏழு தங்கப் பதக்கங்களை வென்றவர். தன் கிளையிற் காய்க்க முடியாத மரம் வேற்று மண்ணிலே நிழல் கொடுத்ததுபோல் இது அமைந்தது. ஸாடோர் 2012ஆம் ஆண்டிற் காலமானார்.

ஜியார்மதி தம்பதியினரும் அமெரிக்கா சென்றனர். ஆயினும் சில காலத்தின் பின் தாயகம் மீண்டனர். ஜியார்மதி 1960இல் வெண்கலமும் 1964இல் மீண்டும் தங்கமும் பெற்றார். 1948இல் வென்ற வெள்ளியையும் சேர்த்தால், தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் விழாக்களிற் பதக்கம் பெற்ற பெருமை அவருக்குரியது. புடாபெஸ்டிலே தாய் விட்டுவந்த அந்தக் குழந்தை அந்திரேயா, 1972ஆம் ஆண்டில் தானும் ஒலிம்பிக் நீச்சலிலே வெள்ளியும் வெண்கலமும் வென்றாள். திரும்பியவர் செய்தது சரியா, திரும்பாதவர் செய்தது சரியா என்று தீர்ப்புக் கூற நாம் யார்? நாட்டை இழந்தும் நாட்டின் பெயரைக் காத்தவர் ஒருவர்; நாட்டில் வாழ்ந்து அதன் ஆட்டத்தைக் காத்தவர் மற்றொருவர்.

சோவியத் படையின் கடைசிப் பிரிவு 1991ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ஹங்கேரியை விட்டு வெளியேறியது. அவ்வாண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லாதொழிந்தது. 2000ஆம் ஆண்டில், அதே அவுஸ்திரேலிய மண்ணில், சிட்னி ஒலிம்பிக்கின் நீர்ப்பந்தாட்ட இறுதிப் போட்டியிலே ஹங்கேரியும் ருஷ்யாவும் எதிர்கொண்டன. ஹங்கேரி 13க்கு 6 என்று வென்றது. நாற்பத்துநான்கு ஆண்டு இடைவெளியில் அது வெறும் ஆட்டமாகிவிட்டிருந்தது. இவ்வாறு ஒரு பகை வெறும் ஆட்டமாகிவிடுவதைவிடப் பெரிய சமாதானம் வேறென்ன இருக்க முடியும்?

ஓர் இளைஞனின் கடிதம்

மெல்போண் கதை இவ்வளவில் முடிந்துவிடவில்லை. குருதி சிந்திய அதே வாரத்தில் அந்த நகரத்திலே வாழ்ந்த ஜோன் இயன் விங் என்ற பதினேழு வயதுச் சீன வமிசத்து இளைஞன், விழா அமைப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினான். தச்சுத் தொழில் பழகிக்கொண்டிருந்தவன் அவன். போர், அரசியல், தேசம் என்பவற்றைச் சிறிது நேரம் மறந்து, நிறைவு விழாவிலே வீரர்கள் நாட்டு வரிசைப்படி அணிவகுத்து வராமல், எல்லோரும் ஒன்றாய்க் கலந்து நடந்து வரட்டும் என்பதே அவன் கூறிய யோசனை.

அமைப்பாளர் அதனை ஏற்றனர். டிசெம்பர் 8ஆந் திகதி, நீர்ப்பந்தாட்டக் குளத்தில் அடி விழுந்து இரண்டே நாள் கழிந்த நிலையில், வீரர்கள் நாடு பிரிக்கப்படாமல் கலந்து திடலுக்குள் நடந்து வந்தனர். ஒலிம்பிக் நிறைவு விழாக்களில் அவ்வழக்கம் அன்று தொடங்கி இன்றும் நிலவுகின்றது. கடிதம் எழுதியவன் யாரென்பது பல ஆண்டுகளாகப் பொதுமக்களுக்குத் தெரியாமலேயே இருந்தது.

ஒரே நகரம், ஒரே வாரம். உலகம் குருதி வடிந்த முகத்தின் படத்தை நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கடிதத்தை நினைப்பவர் சிலரே. வகுப்பறையிலே இந்தப் போட்டியைப் பற்றிச் சொல்ல நேரும் ஆசிரியர், ஸாடோரின் கண்ணருகே வடிந்த குருதியைச் சொல்லட்டும். அதற்குக் காரணமான அநீதியையும் மறையாமற் சொல்லட்டும். அதனோடு, பெயர் வெளிப்படாமல் எழுதிய அந்தத் தச்சுப் பையனின் கடிதத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்ட மாணவனே 1956ஆம் ஆண்டு மெல்போணை முழுமையாக அறிந்தவனாவான்.